எந்தத் துப்பாக்கி என்று கேட்கத் தயங்கும் அறம்

2016 ஜூன் மாதத்தில் நடுவண் அரசின் இரண்டு அமைச்சர்கள் பொதுவெளியில் மோதிக்கொண்டனர். பீகாரின் மொகாமா வட்டாரத்தில் சில நாள்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட நீல்காய்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தன. அதற்கு வழிவிட்டது 2015 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஓர் அறிவிக்கை. பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காயும் காட்டுப்பன்றியும் ஓராண்டுக் காலம் தீங்குயிர்களாகக் கருதப்படும் என்றது அது. மேனகா காந்தி அச்செயலைக் கொல்லும் வெறி என்ற பொருளில் கடிந்தார். பிரகாஷ் ஜவடேகர் மாநில அரசின் கோரிக்கையையும் உழவரின் பயிரிழப்பையும் முன்வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அறிவிக்கைக்குத் தடை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகங்களில் கருத்தரங்குகள் நடந்தன, கண்டன அறிக்கைகளில் கையொப்பங்கள் திரண்டன. கொல்லலாமா, கூடாதா என்ற வினா எல்லாப் பக்கமும் ஒலித்தது. எதைக் கொண்டு, எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தகைய பயிற்சி உடையவர் கொல்வார் என்ற வினா யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அவ்வினாவுக்கு விடை 2019இல் ஒரு காணொளியாக வந்தது. பீகாரின் வைசாலி மாவட்டத்தில் சுடப்பட்டும் உயிர் பிரியாமல் கிடந்த ஒரு நீல்காயை மண்வாரி இயந்திரம் குழிக்குள் தள்ளி, அசைவு அடங்கும் முன்பே மண்ணிட்டு மூடியது. நாடு அதிர்ந்தது. இயந்திர ஓட்டுநரின் கொடுமை பேசப்பட்டது, அதிகாரிகளின் அலட்சியம் பேசப்பட்டது. குழிக்கு வரும் முன்பே பிழையொன்று நிகழ்ந்துவிட்டிருந்தது: விலங்கின் உடலுக்குள் சென்ற குண்டு அதனைக் கொல்லவில்லை. அந்தக் குண்டு எது, ஏன் கொல்லவில்லை என்று கேட்டவர் அரிது.

மான் வேட்டைக்கு வாங்கத்தக்க மலிவான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் எது? அமெரிக்க நாட்டுப்புறங்களில் இலையுதிர்காலம் தோறும் கடை மேசைக்கு இருபுறமும் நின்று பேசப்படும் மிகச் சாதாரணமான கேள்வி இது. இந்தியக் கல்விப்புலத்தில் இதே கேள்வியை எழுப்பினால் கேட்பவரின் மனநலத்தையே ஐயுறுவர். அந்த அருவருப்பே அறத்தின் அடையாளம் என்று கருதப்படுகிறது. இப்பதிவின் வாதம் அதற்கு நேர்மாறானது. கொல்வதற்கு அரசு ஆணையிட்டுவிட்ட ஒரு நாட்டில், எந்தத் துப்பாக்கி என்று கேட்க மறுப்பது அறம் ஆகாது. துன்பத்தைக் காணாதிருப்பதற்கு அது ஒரு நாகரிகமான வழி மட்டுமே.

முதலில் விலங்கைப் பற்றி ஒரு சொல். நீல்காயை மான் என்று வழங்கும் தமிழ்ச் செய்தி நடை உயிரியல்படி பிழையானது. ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்கும் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று அது. மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதிலும் மாடுகளுக்கு மிக நெருங்கிய கிளையில் இருப்பது. நீலப் பசு என்று பெயரிட்ட வடஇந்திய நாட்டுப்புறத்தான் வகைப்பாட்டியலாளருக்கு முன்பே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறான். ஆனால் அந்தப் ‘பசு’வே அரசுகளுக்கு இடையூறாகவும் இருந்தது. பசு என்று பெயர் இருக்கும் வரை எவரும் சுட முன்வர மாட்டார் எனக் கருதி, ரோஜ்டா, கோட்பராஸ் போன்ற வட்டாரப் பெயர்களை அலுவல் வழக்கில் முன்னிறுத்தும் முயற்சிகள் சில மாநிலங்களில் நடந்தன. ஒரு விலங்கின் பெயரை மாற்றுவதற்குச் செலவிட்ட கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அதனைத் துளைக்கப்போகும் குண்டின் மேல் அரசுகள் செலுத்தியிருக்கலாம்.

சொல்லின் வேலை அத்துடன் நிற்கவில்லை. சட்டத்தின் ஆங்கில மூலத்தில் தீங்குயிர் என்பதற்கு நிற்கும் சொல் ‘வெர்மின்’. அதன் வேர் புழுவைக் குறிக்கும் இலத்தீன் சொல். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென ஐந்தாம் அட்டவணை இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியன அதன் நிலையான குடிகள். 62ஆம் பிரிவின்படி நடுவண் அரசு, மிக உயர்ந்த சட்டக் காப்புடைய விலங்குகள் நீங்கலாக, மற்ற எந்த விலங்கையும் குறித்த இடத்துக்கும் காலத்துக்கும் அந்தப் பட்டியலில் சேர்க்க முடிந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணையை நீக்கியது. 62ஆம் பிரிவின் அதிகாரம் அப்படியே இருக்கிறது. இருநூறு கிலோவைத் தாண்டி வளரக்கூடிய, தோள்மட்டம் நாலடிக்கும் மேல் நிற்கும் ஒரு விலங்கை எலியும் வௌவாலும் இருக்கும் வகுப்பில் சேர்த்ததன் பொருள் என்ன? எலியைக் கொல்ல இன்ன கருவி என்று எவரும் விதி எழுதுவதில்லை. அடிக்கலாம், நஞ்சு வைக்கலாம், பொறியில் சிக்க வைக்கலாம். வகுப்பின் பெயரே கருவி பற்றிய கேள்வியைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. இது வெறும் இழிசொல் சிக்கல் என்று மொழியியல் படித்தோர் கடந்து போகக் கூடாது. இழிவு படிந்த சொல் என்பதைவிட, விதி எழுதும் கடமையை அழித்துவிட்ட சொல் என்பதே இதன் பெருங்குற்றம்.

இனி, கேட்கப்படாத கேள்விக்கு வருவோர் அறிய வேண்டியவை சில. போல்ட் ஆக்‌ஷன் என்பது கதவுத் தாழ்ப்பாளின் இயக்கத்தை ஒத்தது. கைப்பிடியை உயர்த்திப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக்கூடு வெளியேறும். முன்னுக்குத் தள்ளித் தாழ்த்தினால் அடுத்த தோட்டா அறைக்குள் பூட்டப்படும். 1898ஆம் ஆண்டின் மௌசர் துப்பாக்கியில் இவ்வமைப்பு ஏறத்தாழ முழுமை பெற்றது. இன்றைய வேட்டை ரைபிள்களுள் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. உறுப்புகள் குறைவு, பூட்டு உறுதியானது, ஒவ்வொரு சுடுதலுக்கும் இடையில் கை ஒரு முறை இயங்கியாக வேண்டும். விரைந்து பல குண்டுகளைப் பொழிய அது இடம் தராது. ஒரே குண்டில் விலங்கை வீழ்த்த வேண்டும் என்னும் பொறுப்பு அதன் உடலமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. மான் வேட்டைக்கு அது முதல் தெரிவாக இருப்பதன் காரணம் இதுதான்.

மலிவு என்ற சொல்லும் தப்பெண்ணத்துக்கு உரியது. 1958இல் சாவேஜ் நிறுவனம் நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்த 110 என்னும் ரைபிளை வெளியிட்டது. அதுவரை குழலையும் தோட்டா அறையையும் சரியான இடைவெளியில் பொருத்துவது கைதேர்ந்த கம்மியரின் நேரத்தை விழுங்கும் வேலை. புரூவர் குழலின் அடியில் ஒரு பூட்டுத் திருகுவளையத்தை வைத்து அந்த இடைவெளியைத் திருகியே சரிசெய்ய வழி கண்டார். விலை இறங்கியது, குறிதவறாமை இறங்கவில்லை. அதற்கு எதிர்த்திசையில் ஒரு கதையும் உண்டு. வின்செஸ்டர் 70 என்னும் புகழ்பெற்ற ரைபிளின் உற்பத்தியை அந்நிறுவனம் 1964இல் செலவு குறையுமாறு மாற்றியது. அன்றிலிருந்து ‘1964க்கு முந்தியது’ என்பது ஒரு வழிபாட்டுச் சொல்லாயிற்று. பழையதும் விலைமிக்கதும் மட்டுமே உண்மையான வேட்டைத் துப்பாக்கி என்ற செருக்கு அதனோடு ஒட்டிக்கொண்டது. இன்று சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற ரைபிள்கள் அந்நாட்டில் 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கின்றன. பிசின் வார்ப்புக் கட்டையும் பளபளப்பற்ற குழலும் கொண்ட அவற்றின் குண்டுகள் நூறு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்குவது அரிதன்று. புள்ளிமான் அளவுள்ள ஒரு விலங்கின் நெஞ்சறையில் இதயமும் நுரையீரலும் நிறைந்த பகுதி ஏறக்குறைய ஒரு சாண் அகலம். மலிவான ரைபிளுக்கு இவ்வளவு போதும். மீதிப் பணம் வாங்கித் தருவது வாதுமைக் கட்டையின் வரியோட்டத்தையும் நிறுவனப் பெயரையும்தான்.

ஆகவே சிக்கனமாக வாங்குவோருக்கு அந்நாட்டின் பழுத்த வேட்டைக்காரர் கூறும் அறிவுரையில் துப்பாக்கி பின்னுக்குப் போய்விடும். மிச்சமாகும் பணத்தை நல்ல தொலைநோக்கிக் குறிக்கண்ணாடிக்கும், அதனை அசையாமல் பிடிக்கும் பற்றுக்கும், பயிற்சிக்குச் செலவாகும் தோட்டாப் பெட்டிகளுக்கும் கொடு என்பார்கள். விலங்கின் எடைக்கேற்பத் தோட்டாவைத் தேர்ந்துகொள் என்பார்கள். எழுபது, எண்பது கிலோ மானுக்கு 1955இல் வந்த .243 போதும்; அதனினும் பெரியவற்றுக்கு 1925இன் .270, 1952இன் .308, 1906இன் .30-06 ஆகியவை உண்டு.

நீல்காய்க்கும் இந்த அறிவுரையில் இடம் இருக்கிறது என்பது இந்தியக் கல்விப்புலம் அறியாத செய்தி. டெக்சஸ் மாநிலத்தின் கிங் பண்ணையில் 1920களிலும் 1930களிலும் கொண்டுவந்து விடப்பட்ட நீல்காய்கள் பெருகி இன்று தென் டெக்சஸ் முழுதும் திரிகின்றன. அங்கு அவற்றை வேட்டையாடுவோர் ஒரே குரலில் கூறுவது, இவ்விலங்கு சாகாது எளிதில் என்பதுதான். தடித்த தோலும் ஆழ்ந்த நெஞ்சறையும் உடையது. தவறான இடத்தில் குண்டு பட்டால் நெடுந்தொலைவு ஓடி மறைந்துவிடும். வெள்ளைவால் மானுக்குப் போதுமான தோட்டாவை நீல்காய்க்குப் போதாதென்று ஒதுக்கிவிட்டு .270, .30-06 அல்லது அவற்றினும் வலியதை எடுத்துச் செல்கிறார்கள். கங்கைச் சமவெளியிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், பொழுதுபோக்குக்காகச் சுடுபவன் நீல்காயின் உடலைப் பற்றி இவ்வளவு சிந்தித்திருக்கிறான். அதனைக் கொல்லுமாறு அறிவிக்கை எழுதிய புதுதில்லி அலுவலகம் சிந்திக்கவில்லை.

சிந்திக்கவில்லை என்பது மிகைக் கூற்று என்பார் சட்டத்தைப் படித்துப் பார்க்கட்டும். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிரைக் காக்க விரும்பும் உழவனுக்கு எத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும் என்பதை வெளிப்படையாகவே கூறுகிறது. குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி! அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி நிறைவுற்றால் உட்புறம் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கி தரலாம். குழலுக்குள் சுழல்வரி வெட்டிய ரைபிள், அதாவது குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும் ஒரே வகை, இந்த வரிசையில் வரவே இல்லை. அதனைக் கேட்பவர் தக்க காரணம் காட்டி, பொதுவான விருப்புரிமையின் வாயிலில் காத்திருக்க வேண்டும். விலங்கின் பக்கத்திலிருந்து நோக்கினால் இந்த வரிசை முற்றும் தலைகீழானது. முதல் உரிமை மிக மோசமான கருவிக்கு. மிகத் துல்லியமான கருவிக்குக் கடைசி இடம். இருநூறு கிலோ விலங்கின் விலாவில் சிதறும் ரவைகள் அதனை வீழ்த்துவதில்லை. சீழ் வைத்துச் சில நாள் கழித்து ஏதோவொரு கரும்புத் தோட்டத்தில் சாகடிக்கின்றன.

இந்தத் தலைகீழ் வரிசை எங்கிருந்து வந்தது? 1857க்குப் பின் ஆங்கில அரசைப் பிடித்த அச்சத்திலிருந்து. 1878இல் லிட்டனின் படைக்கலச் சட்டம் அந்த அச்சத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைத் தோட்டாக்களைப் பயன்படுத்தக்கூடிய அளவுகளில் தனியார் துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் தடுக்கப்பட்டது. இலண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் தங்கள் செல்வக் குடியினரான வாடிக்கையாளர்களுக்காக .465, .470 என்று புது அளவுகளையே ஆக்கிக் கொடுத்தன. சாதாரணர்க்கு மிஞ்சியது .315. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவை ஒட்டிய அளவு அது. இந்தியாவில் இருந்த எந்தப் படையும் அதனைப் பயன்படுத்தவில்லை என்பதே அதன் முதல் தகுதி. விடுதலைக்குப் பின்னும் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டு அமைப்பின் மேல் இதே .315 ரைபிளைச் செய்து விற்றுவந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகள் .303, 7.62 மில்லிமீட்டர் அளவுகளிலான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களைப் பெயர் சொல்லியே தடுக்கப்பட்ட வகையில் சேர்த்தன. உலகெங்கும் மான் வேட்டைக்கு மிகப் பரவலாகப் பயன்படும் .308, படைத்துறையின் 7.62க்கு இரட்டைப் பிறவி. ஆதலால் பொதுவான உரிமதாரருக்கு அது எட்டாது. 1980களின் நடுவில் துப்பாக்கி இறக்குமதியும் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட மௌசர்களும் ரிக்பிகளும் அன்று முதல் அரும்பொருள் விலைக்குக் கைமாறுகின்றன. மலிவான போல்ட் ஆக்‌ஷன் ரைபிளைத் தேர்வது என்பது இந்தியாவில் நெடுங்காலம் தேர்வே இல்லாத தேர்வாக இருந்ததன் வரலாறு இதுவே.

.315 மோசமான தோட்டா என்று இங்கே கூறப்படவில்லை. அதன் மூலமான மான்லிகர் தோட்டா ஏறக்குறைய 15.8 கிராம் குண்டை நொடிக்கு 620 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. குழல்வாயில் அது சுமார் 3,000 ஜூல் ஆற்றல். நூறு மீட்டருக்குள், சரியான இடத்தில், முனை விரியும் குண்டாகப் பட்டால் நீல்காயும் நிற்காது. சிக்கல் தொலைவில் தொடங்குகிறது. கனத்த, மெதுவான குண்டு விரைந்து தாழும். நூறு மீட்டருக்குக் குறி அமைத்த துப்பாக்கியால் இருநூறு மீட்டரில் சுட்டால் குண்டு குறியிலிருந்து ஒன்றரைச் சாண் அளவு கீழே போகும். நெஞ்சைக் குறிவைத்தவன் காலை முறிப்பான். இதனை அறிந்து அடக்கமாகச் சுட வேண்டுமெனில் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாவும் வாங்க இயலாத உரிமதாரன், கையில் இருப்பதைத் தாளில் வட்டம் வரைந்து சுட்டுத் தீர்ப்பானா, பூட்டி வைப்பானா? ஆகவே, ஆண்டுக்கணக்கில் ஒருமுறையேனும் குறி சரிபார்க்கப்படாத துப்பாக்கி, ஆணை வந்த மறுநாள் வயலுக்கு வருகிறது.

பிற நாட்டுச் சட்டங்கள் இதே பொருளை எப்படி அளக்கின்றன என்பதைப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் அறையும். இங்கிலாந்தின் மான் சட்டம் பெரிய மானினங்களுக்குக் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்கும், ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக் கூடாது என்கிறது. குண்டு முனை விரிவதாக இருக்க வேண்டும் என்கிறது. செருமனியின் வேட்டைச் சட்டம் நூறு மீட்டர் தொலைவில் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கணக்கிடுகிறது: சிறிய ரோ மானுக்கு 1,000 ஜூல், மற்றக் குளம்பு விலங்குகளுக்கு 2,000 ஜூலும் 6.5 மில்லிமீட்டர் அளவும். குளம்பு விலங்குகளைச் சிதறு ரவையால் சுடுவதை அது அறவே தடுக்கிறது. நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுதோறும் தேர்வு எழுத வேண்டும். எழுதுகோல் இல்லாத தேர்வு. நூறு மீட்டரில் ஐந்து குண்டும் முப்பது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். அதற்கு முன் முப்பது குண்டு பயிற்சியாகச் சுட்டிருக்க வேண்டும். இச்சட்டங்கள் துப்பாக்கியை விலங்கின் உடலிலிருந்து அளக்கின்றன. இந்தியச் சட்டம் அதே துப்பாக்கியை அரசின் பாதுகாப்பிலிருந்து மட்டும் அளக்கிறது: இது படையின் தோட்டாவை ஏற்குமா, ஏற்காதா?

இதில் மேலும் கசப்பான ஒரு செய்தி உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் தொடக்கத்தில் வேட்டைக்கு உரிமம் வழங்கியது. ஆகவே வேட்டை முறைக்கும் விதிகள் வைத்திருந்தது. பெருவிலங்குகளுக்கு ரைபிள், குட்டிகளுக்கும் பெண் விலங்குகளுக்கும் காப்பு, மூடிய பருவம், வண்டியிலிருந்து சுடத் தடை என்று 15, 16, 17ஆம் பிரிவுகள் பேசின. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டையை ஒழித்தது. வேட்டையே இல்லாதபோது வேட்டை விதி எதற்கு என்று அப்பிரிவுகளும் அகற்றப்பட்டன. உரிம வேட்டை ஒழிந்தது நன்றே. ஆனால் கொல்லுதல் ஒழியவில்லை. 11ஆம் பிரிவின் அனுமதியாகவும் 62ஆம் பிரிவின் அறிவிக்கையாகவும் அது பின்வாயிலால் திரும்பிவந்தது. விதிகள் திரும்பி வரவில்லை. 2022இல் கேரளம் காட்டுப்பன்றிகளைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அனுமதியின் கிளைகள் ஊராட்சி வரை படர்ந்தன. சுடுபவர் பெரும்பாலும் உரிமம் பெற்ற துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருப்பவர் என்பதே தகுதி. வேட்டை என்று ஒப்புக்கொண்ட காலத்தில் சட்டத்துக்கு இருந்த கூச்சம், வேட்டை இல்லை என்று அறிவித்த பின் அதற்கு இல்லாமற் போயிற்று.

இவ்வளவும் நூலகத்துக்கு வெளியே உள்ள செய்திகளா? இல்லை. காலனிய வேட்டையைப் பற்றிக் கல்விப்புலம் எழுதிக் குவித்திருக்கிறது. ஜான் மெக்கன்சியின் 1988ஆம் ஆண்டு நூல் தொடங்கி, மகேஷ் ரங்கராஜனின் வனவுயிர் வரலாறு வழியாக, விஜய ராமதாஸ் மண்டலாவின் 2019ஆம் ஆண்டு நூல் வரை அரிய உழைப்பு கிடக்கிறது. அவற்றால் பயிற்சி பெற்ற கருத்தரங்க அறைகளில் துப்பாக்கி எப்போதும் ஒரு குறியீடு: ஆண்மையின் குறியீடு, பேரரசின் குறியீடு, ஆட்சியுரிமையின் குறியீடு. ஜிம் கார்பெட்டின் எழுத்தை இலக்கியத் துறைகள் பாடமாக வைக்கின்றன. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பி, மௌசர் அமைப்பிலான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். அந்தத் துப்பாக்கி எதைக் குறிக்கிறது என்று பத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதத் தெரிந்த துறைக்கு, அது என்ன செய்யும் என்று ஒரு பத்தி எழுதத் தெரியாது. குறியீடு எவரையும் காயப்படுத்தி ஓடவிடுவதில்லை. பொருள்தான் அதைச் செய்கிறது.

மறுப்புகள் இரண்டு எழும். அவை அற்பமானவை அல்ல.

கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கொலை இயல்பாகிவிடும் என்பது முதல் மறுப்பு. மரண தண்டனையின் முறையைச் செம்மைப்படுத்துவது அத்தண்டனைக்கே வாழ்நாள் நீட்டிப்பது போன்றது என்ற ஒப்புமையும் உடன் வரும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. பேசாதிருந்தமையால் இதுவரை ஒரு நீல்காயும் பிழைக்கவில்லை. 2016இல் கல்விப்புலம் கருவியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் முழு எதிர்ப்பை மட்டுமே வைத்தது, எதிர்ப்பு தோற்றது. தோற்ற பின் மறுபடி வாய் திறக்க அதனிடம் வேறு வாசகம் இருக்கவில்லை. 2019இன் குழி அந்த மௌனத்தின் மேல்தான் தோண்டப்பட்டது. கருவிக்குக் கடும் விதி வைத்தால் கொலை எளிதாகிவிடும் என்பதும் தவறு. தேர்வில் வென்றவர் மட்டும், இன்ன தோட்டாவால், இன்ன தொலைவுக்குள், காயம்பட்டதைத் தேடி முடிக்கும் பொறுப்போடு என்று எழுதினால், அறிவிக்கையில் கையொப்பமிடுவது இன்று போல் இலகுவாக இராது.

வேலி, அகழி, விரட்டுதல், கருத்தடை, இழப்பீடு ஆகியவை இருக்கத் துப்பாக்கி எதற்கு என்பது இரண்டாம் மறுப்பு. அவையே முதலில் வர வேண்டும். இழப்பீடு காலத்தில் கிடைத்தாலே சினத்தில் பாதி தணியும். ஆனால் அவை வராத இடத்தில் உழவன் கைகட்டி நிற்பதில்லை. திருட்டு மின்வேலி இடுகிறான், சுருக்குக் கண்ணி வைக்கிறான், உணவுக்குள் வெடி பொதிகிறான். தமிழ்நாட்டு மேற்கு மலையடிவாரத்தில் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கும். 2020 மே மாதத்தில் கேரளத்தில் வாய் சிதைந்து ஆற்றுநீரில் நின்றபடி உயிர்விட்ட சினை யானைக்காக நாடே அழுதது. துப்பாக்கியைக் கண்டு முகம் சுளிப்பவர், அது இல்லாத இடத்தில் எது இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நூறு மீட்டரில் நெஞ்சுக்குள் செல்லும் ஒரு குண்டைவிடக் கருணையானது அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

ஆகவே கோரிக்கை எளிது, அனைத்தும் எழுதக்கூடியவை. விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் ஒவ்வோர் ஆணையும், அவ்விலங்கின் எடைக்கேற்பக் குறைந்தபட்ச ஆற்றலையும், முனை விரியும் குண்டையும், மீறக் கூடாத தொலைவையும் குறிக்க வேண்டும். குளம்பு விலங்குகள் மேல் சிதறு ரவை தடுக்கப்பட வேண்டும். சுடுபவர் தாளில் தன் திறனை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான தோட்டா உரிமக் கணக்கில் சேரக் கூடாது. காயம்பட்ட விலங்கு கண்டறியப்படும் வரை அந்நாளின் பணி முடிந்ததாகப் பதிவாகக் கூடாது. 1991இல் அகற்றப்பட்ட பருவ, குட்டி, பெண் விலங்கு விதிகள் இந்த ஆணைகளுக்கேனும் திரும்ப வேண்டும். 2021இல் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளிடம், குறிக்கண்ணாடி பொருத்தத்தக்க, தட்டையாகச் செல்லும் தோட்டாவுக்கான, எளிய விலையுள்ள போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை இப்பணிக்கெனக் கேட்க வேண்டும். அது தனியார் வீட்டில் இருக்கத் தேவையில்லை, வனத்துறைக் காப்பறையில் இருந்து கணக்கோடு வெளிவந்து கணக்கோடு திரும்பலாம். 1857இன் அச்சமும் தணியும், விலங்கின் துன்பமும் குறையும்.

அடுத்த அறிவிக்கை எந்த மாநிலத்துக்கு வரும் என்பது தெரியாது. வரும் என்பது உறுதி. அப்போது வளாகங்களிலிருந்து வழக்கம்போல் ஒரு கடிதம் புறப்படும். திரும்பப் பெறுக என்னும் முதல் வரி அதில் இருக்கட்டும். அதன் கீழே இரண்டாவது வரி ஒன்றும் வேண்டும்: திரும்பப் பெறாவிடில், எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு, எவ்வளவு தொலைவு, காயம்பட்டதைத் தேடிச் செல்பவர் யார் என்பதை ஆணையிலேயே எழுதுக. வைசாலியில் குழிக்குள் தள்ளப்பட்ட விலங்குக்கு முதல் வரியால் பயன் விளையவில்லை. இரண்டாவது வரியை எழுத அன்று எவரும் இருக்கவில்லை.